மதுவந்தியின் கட்டை விரல்

நவம்பர் 3, திங்கள்

என் பெயர் மாரப்பன். வயது எழுபத்தொன்று. இதை எழுதியது நான்தான்.

மேலே உள்ளதை எழுதக் காலைச் சாப்பாட்டில் இருந்து பத்து மணி டீ வரை ஆனது. "எழுபத்தொன்று" என்பதற்கு மட்டும் இரண்டு தடவை பென்சில் சீவினேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் அதே மாரப்பன்தான் வருகிறான். எத்தனை தடவை படித்தாலும் மாறுவதில்லை. நல்ல ஏற்பாடு.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நாற்பத்திரண்டு வருடம் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தூக்கினேன். ஒன்றரை வருடமாக மாநகராட்சிப் பள்ளியில் மாலை ஐந்து மணிக்கு நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். ரெஜினா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, "தெனமும் நடந்தத எழுதுங்கய்யா, ஒரு வரி போதும்" என்றார்.

வகுப்பு முடிந்து, ஏழரை மணிக்குப் பாவாயம்மா வீட்டுக்கு "சாவிக்கொத்து" நாடகம் பார்க்கப் போவேன். எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. அதில் படம் கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது. மருமகள் பூங்கொடி அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ழ. "வாழைப்பழம்" என்று நான்கு தடவை எழுதிவிட்டு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

நவம்பர் 5, புதன்

டீச்சர் "சாவிக்கொத்து" பார்ப்பதில்லையாம். அவருக்காகக் கதையை எழுதி வைக்கிறேன்.

ஒரு பெரிய வீடு. அதன் தலைவர் வேதமூர்த்தியை யாரோ மாடிப்படியில் இருந்து தள்ளிவிட்டார்கள். விழுந்தவர் ஒரு கடிதம் எழுதி, மடித்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒளித்துவிட்டு, அதன் பிறகு மயங்கினார். நிதானமான மனிதர். இருநூறு நாளாகக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறார். மருமகள் மதுவந்தி சாவியைத் தேடுகிறாள். சந்தேகம் மூன்று பேர் மேல். மைத்துனி சொர்ணவல்லி, டாக்டர் சௌந்தரம், கணக்குப்பிள்ளை செல்லப்பா. இந்தச் செல்லப்பா முப்பது வருடமாகத் தினமும் ஒரே நேரத்துக்கு அந்த வீட்டுக்கு வந்து, கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். பேச்சு குறைவு.

பாவாயம்மா மண்டிக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருடம் இட்லிக் கடை வைத்திருந்தவர். பெங்களூரில் இருக்கும் மகன் கதவு அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவர் கணவர் இறந்து ஒன்பது வருடம். என் மனைவி இறந்து பன்னிரண்டு வருடம். இதை எழுத வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் இடம் இருந்தது.

கண்டக்டர் அங்கமுத்துவும் வருவார். அரசுப் பேருந்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் எழுத்து வந்தால் அவர்தான் சத்தமாகப் படிப்பார். போன வாரம் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். டிவி பார்க்கக் கூடாதாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி வசனம் மட்டும் கேட்கிறார். ஆகவே எழுத்துப் படிக்கும் பொறுப்பு என் மேல் வந்திருக்கிறது. இதுவரை வந்தது "தொடரும்" ஒன்றுதான். அதைப் படிக்கவே வேண்டாம். பசுவைப் பசு என்று தெரிவது போல எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

சாவி கிடைத்துவிட்டது. ஊறுகாய் ஜாடிக்குள் இருந்தது. நாளை பெட்டியைத் திறக்கிறாள். "நாளைக்கு நேரத்துலயே வந்துருங்க" என்றார் பாவாயம்மா, பொதுவாக, எங்கள் இருவரையும் பார்த்து. கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னை மட்டும் பார்த்தது போல ஆயிற்று.

வேட்டியை இஸ்திரி போட்டேன். "நாடகம் பாக்கப் போறதுக்கா மாமா?" என்றாள் பூங்கொடி. கடிதம் பிரிக்கிற நாள் என்று விளக்கினேன்.

நவம்பர் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கை வலித்தாலும் நிறுத்தப்போவதில்லை.

மதுவந்தி பெட்டியைத் திறந்தாள். அதற்கே மூன்று விளம்பரம் போயிற்று. கடிதத்தைப் பிரித்தாள். கடிதம் திரை முழுக்க வந்தது. நான் எழுந்து கிட்டே போய் நின்று படித்தேன். "என்னை மாடியில் இருந்து தள்ளிவிட்டது செ" என்று இருந்தது. அதற்கப்புறம் மதுவந்தியின் கட்டை விரல். சிவப்பு நகம். எழுத்து அதற்குப் பின்னால் போய்விட்டது.

மதுவந்தி நிமிர்ந்து, "நீங்களா" என்றாள். கதவு திறந்தது. இரண்டு கால்கள் தெரிந்தன. மூன்று தடவை மின்னல் அடித்தது. திரை கறுத்து, எழுத்து வந்தது. வழக்கமான பசு இல்லை. வேறு எழுத்து.

"மு... த... ல்..." என்று ஆரம்பித்தேன். பாவாயம்மா காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றார். "பா... க... ம்... நி... றை... வு." அந்த றை-யை ஒரே முயற்சியில் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் தகராறு செய்கிற எழுத்து அது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன்.

"என்னுங்க சிரிக்கறீங்க?" என்றார் பாவாயம்மா.

"முதல் பாகம் நிறைவுன்னு போட்டிருக்குதுங்க."

"நிறைவுன்னா?"

"வண்டி இத்தோட நிக்கும், எல்லாரும் எறங்குங்கன்னு அர்த்தம்" என்றார் கண்டக்டர், சுவரைப் பார்த்து.

"அப்ப திங்கக்கிழம?"

"திங்கக்கிழம நாடகம் இல்லீங்க."

"கதவத் தொறந்தது யாருன்னு சொல்லாமயா?"

"சொல்லிட்டா அப்பறம் ரெண்டாம் பாகத்த யாரு பாப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழரை மணிக்கு இனி நாடகம் இல்லை. இவ்வளவு நாள் இழுத்து, கடைசியில் இப்படி விரலை வைத்து மூடுவது நியாயமா. என் வருத்தம் எல்லாம் நாடகத்தைப் பற்றித்தான்.

"நீங்க கிட்டப் போயிப் படிச்சீங்களே, பேரு இருந்துச்சா?" என்றார் பாவாயம்மா.

"இருந்துச்சுங்க. செ-ன்னு ஆரம்பிக்குது. செல்லப்பாதான்."

அவர் என் கையில் இருந்த காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டார். பாதிதான் குடித்திருந்தேன்.

"தெனமும் வந்து ஒரு ஓரமா உக்காந்துட்டு, இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்த கேக்காம போற மனுசன். அவரா தள்ளுவாரு?"

"எழுதியிருக்கறதத்தானுங்க படிக்க முடியும்."

"அப்படிப்பட்ட படிப்பு உங்க வீட்டோட இருக்கட்டும்."

ஒரு நாடகத்துக் கணக்குப்பிள்ளைக்காக இந்த அம்மாவுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. ஏழரை மணிக்குச் செருப்பைத் துடைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ஏழரைக்குப் பாவாயம்மா வீட்டு வாசலில் நின்றேன். கால் பழக்கத்தில் போய்விட்டது. உள்ளே அந்த நேரத்தில் இப்போது சமையல் போட்டி ஓடுகிறது. இருபத்தைந்து வருடம் இட்லி சுட்டவரிடம் ஒருத்தி இட்லி எப்படிச் சுடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாடகந்தான் முடிஞ்சுபோச்சே, என்ன வேணுங்க?" என்றார்.

"மணி என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"ஏழர."

"சரிங்க" என்று திரும்பிவிட்டேன்.

"என்ன மாமா, போனதும் வந்துட்டீங்க?" என்றாள் பூங்கொடி. விளம்பரம் என்று சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எங்கள் டிவியில் செய்தி பார்த்தேன். பச்சை தெரியவில்லை. தானாகச் சரியாகிவிட்டது போல.

நவம்பர் 12, புதன்

ரேஷன் கடை வரிசையில் பாவாயம்மா முன்னால் நின்றார். கண்டக்டரிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் இரண்டு கண் இருக்கிறது.

டிவி கம்பெனிக்கு ஒரு தபால் அட்டை எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர்களே பெயரைச் சொல்லிவிட்டால், படித்தது என் குற்றம் இல்லை என்று தெரிந்துவிடும். டீச்சர் விலாசம் தேடித் தருவதாகச் சொன்னார். இது என் முதல் கடிதம்.

நவம்பர் 13, வியாழன்

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

"ஐயா, வணக்கம். சாவிக்கொத்து நாடகத்தில் மதுவந்தி அம்மாள் கடிதம் படிக்கும்போது கட்டை விரலால் எழுத்தை மறைக்கிறார். தயவுசெய்து விரலைச் சற்று நகர்த்தச் சொல்லவும்."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் நடந்தது. "நகர்த்தச்" முடித்து, அடுத்த வார்த்தைக்குக் கொம்பு போட்டு, ச போட்டேன். அதற்குள் "மாமா, சிலிண்டர் வந்திருக்கு" என்று பூங்கொடி கூப்பிட்டாள். வாசலில் இருந்து சமையலறைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். இப்போதும் தூக்குவேன். கை கழுவிவிட்டு வந்து நோட்டைப் பார்த்தால், "நகர்த்தச் செ" என்று இருக்கிறது.

நான் எப்போது "செ" எழுதினேன் என்று யோசித்தேன். "சொல்லவும்" என்றல்லவா எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் புரிந்தது. பின்னால் கால் போட்டால்தான் அது சொ. போடாத வரைக்கும் செ.

வேகமாக எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கொம்பையும் காலையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். எனக்குத்தான் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிலிண்டர் தூக்க நேரம் இருக்கிறது.

மதுவந்தியின் விரலுக்குப் பின்னால் ஒரு கால் இருந்திருந்தால்? செல்லப்பா இல்லை. சொர்ணவல்லி.

மணி பதினொன்று. நான் கிளம்புகிறேன்.

அதே நாள், மாலை

பகலில் பாவாயம்மா வீட்டுக்கு நான் போனதே இல்லை. பகலில் அந்த வீட்டில் வெயில் நன்றாக வருகிறது.

அவர் முறுக்குக்கு அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "மணி பதினொண்ணே கால்" என்றார்.

"மணி கேக்க வரலீங்க. நான் தப்பாப் படிச்சுட்டன்."

இந்த வார்த்தையைச் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்றரை வருடம் படித்தவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது. சொல்லிவிட்டேன்.

தாம்பாளத்து மாவைத் தட்டிச் சமமாக்கி, விரலால் கொம்பு போட்டேன். ச போட்டேன். "இது செ. செல்லப்பா. இப்பப் பாருங்க" என்று பின்னால் ஒரு கால் இழுத்தேன். "இது சொ. சொர்ணவல்லி."

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தார். நான் இழுத்த காலின் மேல் தன் கட்டை விரலை வைத்து மூடினார். எடுத்தார். மறுபடி மூடினார்.

"இந்தக் குச்சி ஒண்ணுக்குள்ளயா ஆளே மாறுது?"

"ஆமாங்க."

"அன்னிக்கே நான் சொன்னனா இல்லியா, அந்த மனுசன் பண்ணியிருக்க மாட்டாருன்னு?"

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்து சேர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி மாவைப் பார்த்தார். "அந்தக் காலுக்குப் பதிலா ள மாதிரி ஒண்ணு போட்டா சௌ. டாக்டர் சௌந்தரமும் கணக்குல வராரு" என்று தானே ஒரு ள இழுத்தார். "செல்லப்பாவையும் எறக்கிவிட முடியாது. அவருக்கும் டிக்கெட் இருக்குது."

"உங்களக் கேக்கலீங்க" என்றார் பாவாயம்மா. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

படிப்பின்படி பார்த்தால் கண்டக்டர் சொன்னது சரி. மூன்று பேரில் யாராகவும் இருக்கலாம். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்: "எழுத்துப்படி மூணு பேருங்க. ஆனா தள்ளறதுன்னா கிட்டப் போவோணும். செல்லப்பா முப்பது வருசமா ஓரமாவே உக்காந்திருக்கறவரு. அவருக்குக் கிட்டப் போற தைரியமெல்லாம் இல்லீங்க."

"ஏன், கிட்ட வந்தா யாரு கடிக்கறாங்களாம்?" என்றார் பாவாயம்மா.

செல்லப்பாவைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முழுத் தம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

பாவாயம்மா படிக்கப் போகிறாராம். படிக்கத் தெரியாமல் இனி ஒரு நாடகமும் பார்ப்பதில்லை, அடுத்தவர் வாயை நம்பி மனிதர்கள் மேல் பழி போட முடியாது என்கிறார். ரெஜினா டீச்சர் வகுப்புக்கு வரச் சொன்னேன். முட்டிவலி, மாடி ஏற முடியாது என்றார். வகுப்பு கீழேதான் நடக்கிறது என்றேன். கீழே என்றாலும் வலிக்கும் என்றார்.

"உங்களுக்குத்தான் ஏழரைக்கு வேல இல்லியே" என்றார்.

சமையல் போட்டியை நிறுத்திவிட்டோம். அட்டையை இன்னும் தபாலில் போடவில்லை.

நவம்பர் 15, சனி

அட்டையைப் போடப்போவதில்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது.

நவம்பர் 27, வியாழன்

பாவாயம்மா பென்சிலைக் கரண்டி போலப் பிடிக்கிறார். எழுத்தெல்லாம் ஒரே அளவில் உருண்டையாக, ஒரு ஈடு இட்லி மாதிரி வருகிறது. நான் தப்பைச் சுட்டினால், "சரிங்க வாத்தியாரே" என்கிறார். அதில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்டக்டரும் வருகிறார். கண் தெளிந்துவிட்டதாம். எங்கள் இருவர் எழுத்திலும் தப்புக் கண்டுபிடிக்கிறார். எட்டு மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். நல்ல மனிதர்.

டிசம்பர் 16, செவ்வாய்

கடைசி பஸ்ஸின் போர்டை இன்று பாவாயம்மாவே படித்தார். "பெ-ரு-ந்-து-றை." பஸ் போன பிறகுதான் முடித்தார். இருந்தாலும் படித்தார். றை அவருக்குத் தகராறே செய்யவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

நான் சொல்லித்தரும் வேகத்துக்கு மேலே படிக்கிறாரோ என்று சந்தேகம். நான் இன்னும் ஒகரம் தாண்டவில்லை. அவசரம் எதற்கு.

ஜனவரி 2, வெள்ளி

பாவாயம்மா சந்தைக்குப் போனார். நானும் அதே நேரத்துக்குத் தற்செயலாகப் போனேன். தற்செயல் நடக்க அரை மணி நேரம் தெருமுனையில் நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. சிவப்பு நகத்தோடு ஒரு கட்டை விரல், ஆள் உயரத்துக்கு. கீழே எழுத்து. நான் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன். "சாவிக்கொத்து. இரண்டாம் பாகம். திங்கள் முதல், மாலை 7.30."

படிக்க வந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை வருத்தப்பட்டேன்.

"என்னுங்க போட்டிருக்குது?" என்றார் பாவாயம்மா.

"நகப்பூச்சு விளம்பரமுங்க."

"நெகத்துக்குப் போயி இத்தாப்பெருசா போடுவாங்களா?"

"இப்ப எல்லாமே பெருசாத்தானுங்க போடறாங்க."

அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். உதடு அசைந்தது. வெற்றிலை மென்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாடகம் வந்துவிட்டால் ஏழரை மணிக்குப் படிப்பு இல்லை. மூவரும் டிவியைப் பார்க்க வேண்டும். நான் திரும்பவும் ஓரத்து நாற்காலி. படிக்கும்போது நோட்டு ஒன்று என்பதால் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. வெளிச்சத்துக்காகத்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

"தள்ளுனது யாருன்னு நாளைக்குத் தெரிஞ்சுரும் மாமா. உங்களுக்கு சந்தோசமா?" என்றாள் பூங்கொடி. ரொம்ப என்றேன்.

ஜனவரி 5, திங்கள்

ஏழே கால் மணிக்கே போய்விட்டேன். பொய் சொன்னதை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு முன்னால் கண்டக்டர் வந்து டிவிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை முகம் டிவியைப் பார்த்து.

"மாரப்பா, ரெண்டாம் பாகம் இன்னிக்கு. ஊரே பேசுது. போடச் சொல்லு."

"டிவி ரிப்பேருங்க" என்றார் பாவாயம்மா.

டிவியைப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, பூக் கட்டுகிற நாரால் முடிச்சுப் போட்டு, மேலே ஒரு துண்டும் போர்த்தியிருந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு டிவி ரிப்பேர் ஆனதை நான் பார்த்ததில்லை.

"ஒயரு வெளிய இருக்குதே. சொருகிப் பாக்கலாங்களே" என்று கண்டக்டர் எழுந்தார்.

"கண்ணு ஆப்பரேசன் பண்ணுனவங்க கரண்ட்டத் தொடக்கூடாதுங்க. டாக்டரு சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு?"

"சௌந்தரம்" என்றார் பாவாயம்மா.

கண்டக்டர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுருட்டிய ஒயரைப் பார்த்தார். "எனக்கு இங்க எறங்கற எடம் வந்துருச்சு போல" என்று சொல்லிவிட்டு டீக்கடை டிவிக்கு நடந்தார்.

நாங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் "சாவிக்கொத்து" பாட்டு கேட்டது. நான் தொண்டையைச் செருமி, "அந்த நகப்பூச்சு விளம்பரம் இருக்குதுங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுப்பாடம் பாருங்க மொதல்ல" என்று நோட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

நான் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் "கொக்கு, சொம்பு, தொட்டி." அது இல்லை. பக்கம் முழுக்க, உருண்டை உருண்டையாக, ஐந்து தடவை, "இரன்டாம் பாகம் திங்கள் முதல்" என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.

நான் படித்து முடிக்கும் வரை அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்ல நிறைய இருந்தது. பென்சிலை எடுத்து முதல் வார்த்தையைச் சுழித்தேன்.

"இரண்டாம்கறதுக்கு மூணு சுழி ண் வருமுங்க."

"அப்ப எல்லாத்தையும் மறுபடி எழுதோணுமா?"

"எழுதோணுங்க. ரொம்ப நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றார் பாவாயம்மா.